எழுதுற கட்சி, எழுதாத கட்சி

கிளிமூக்குத் தோட்டத்து ஐவி கோர்ட்டில் எழுந்து நின்று ஒருதரம் தொண்டையைக் கனைத்தால் போதும், சிவனொளிபாத மலை ரெண்டடி தள்ளி நிற்கும். இத்தனை காலமாக மஸ்கெலியாவின் வெயிலை மறைத்துக்கொண்டு நின்றதற்கு நட்டஈடும் கட்டும். அணை கட்டினபோது தண்ணீருக்குள் முங்கிப்போன பழைய டவுனை அவள் ஒரே மனுவில் மேலே எழுப்பி, ஈரம் காய்வதற்குள் கடைக்காரர்கள் கையில் சாவியைக் கொடுத்துவிடுவாள். மலையில் இருக்கிற அட்டைகள்கூட அவள் பேரைச் சொன்னால் கடித்த காலை விட்டுவிட்டு மன்னிப்புக் கேட்கும்.

இவ்வளவு பெரிய ஆளிடம் ஒரே ஒரு சின்னக் குறை. அவள் இன்னும் லோயர் இல்லை. லோயருக்குப் படிக்கக் கொழும்பில் சட்டக் கல்லூரி இருக்கிறது. அதற்குள் கால் வைக்க ஒரு நுழைவுப் பரீட்சை இருக்கிறது. அந்தப் பரீட்சையில் ஐவி போன வருசம் பெயில்.

மறுபடி எழுதுவதா, விடுவதா? அதை முடிவு செய்ய அவளுக்கு ஒரு காலைப்பொழுதுதான் மிச்சம் இருந்தது. எண்பத்தோராம் வருசம், மாசி மாதம், தோட்டத்தில் காமன் கூத்து ஆடிக் காமனை எரித்த மறுநாள். ஹட்டனில் அவளுக்கு உயர்தர வகுப்புப் படிப்பித்த சிவபாதம் மாஸ்டர் அன்று சாயங்கால ரயிலில் கொழும்புக்குப் போகிறார். விண்ணப்பத்தைக் கொடுப்பதற்கு அதற்கு மறுநாள்தான் கடைசி நாள். ஐவி மத்தியான பஸ்ஸைப் பிடித்து ஹட்டனுக்கு வந்து கையெழுத்துப் போட்டால், அவரே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்.

"வாறதெண்டால் வாரும், வராட்டில் நான் கோவிக்க மாட்டன். ஆனால் வராமல் விட்டுட்டுப் பிறகு இருந்து அழக்கூடாது, பிள்ளை" என்று யாழ்ப்பாணத்து மாஸ்டர் யாழ்ப்பாணத் தமிழிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்.

போன வருசம் நடந்ததைச் சொல்லாவிட்டால் இந்த வருசம் விளங்காது.

தோட்டத்தில் வேலைக்குச் சேர்வது ரொம்பச் சுலபம். வயசு வந்ததும் ஆபீசில் போய்ப் பேர் பதிய வேண்டும். இன்றைக்குப் பதிந்தால் நாளைக் காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையில் நிறுத்தி, வேலை பார்த்துப் பேர் போடுகிற கணக்கப்பிள்ளை அந்தப் பேரைக் கூப்பிடுவார். கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்கு ஏற வேண்டியதுதான். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து கிளிமூக்குத் தோட்டம் பார்த்த ஒரே நுழைவு இதுதான். ஆகவே கஸ்பர் மகள் ஐவி லோயருக்குக் கொழும்பு போகிறாள் என்றதும், அங்கேயும் ஒரு ஆபீசு இருக்கிறது, அங்கே போய்ப் பேர் பதிந்துவிட்டு வருவாள், மறுநாளிலிருந்து லோயர் என்று மொத்தத் தோட்டமும் முடிவு கட்டிவிட்டது.

ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டிக் கிடக்கிற லயத்திலிருந்து பஸ் நிற்கிற சந்தி வரைக்கும் தப்பு அடித்தார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். ஐவியின் கழுத்தில் ஜெபமாலை, அதற்கு மேல் பூமாலை, நெற்றியில் ராக்காயி சின்னம்மா கொண்டுவந்து அப்பின மாரியம்மன் கோயில் விபூதி. பஸ் கொண்டக்டர் கல்யாணப் பொண்ணு என்று நினைத்து, "மாப்பிள எங்க?" என்று சிங்களத்தில் கேட்டார்.

அவள் பரீட்சை எழுதிவிட்டுத் திரும்பி வந்த மறுநாளே காம்பரா வாசலில் வழக்குகள் வரிசையில் நின்றன. ஆடு மேய்ந்த வழக்கு, பீலியில் தண்ணீர் பிடிக்கிற வழக்கு, கோழி யாருடையது என்கிற வழக்கு.

"நான் இன்னும் லோயர் இல்லைங்க, சின்னம்மா. எழுதிட்டுத்தான் வந்திருக்கேன்" என்றாள் ஐவி.

"சரி சரி, அடக்கமான புள்ள" என்றாள் ராக்காயி. "என் வழக்கக் கேளு."

ராக்காயி கொழுந்து எடுக்கிற பெண்களிலேயே பெரிய வாய்க்காரி. ஒரு நாள் அவள் எடுத்த கொழுந்து நிறை குறைவு என்று அலோசியஸ் கணக்கப்பிள்ளை அரைப்பேர் போட்டுவிட்டார். அரைப்பேர் என்றால் அரைநாள் சம்பளம், முழுநாள் அவமானம். ஐவி கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் போய் ரொம்ப மரியாதையாக ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஐயா, கொழுந்து நனைஞ்சிருக்குன்னு நிறையில கழிச்சீங்களே, அன்னைக்கி எந்த மழைங்க பேஞ்சிச்சி?" அலோசியஸ் வானத்தைப் பார்த்தார், தராசைப் பார்த்தார், காலில் கிடந்த தன் சப்பாத்தைப் பார்த்தார். ராக்காயிக்கு முழுப்பேர் விழுந்தது. அன்றைக்கு ராத்திரி வரை ராக்காயி நடந்து போகவில்லை, மிதந்துதான் போனாள்.

பிறகு பரீட்சை முடிவு வந்தது. ஐவியின் பேர் அதில் இல்லை.

தோட்டம் அவளைக் கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால் அவள் பதிலுக்கு ரெண்டு கொடுத்துவிட்டு எழுந்திருப்பாள். இவர்கள் அதைவிட மோசமாகச் செய்தார்கள். அவள் வந்தால் பேச்சை நிறுத்தினார்கள். குரலைத் தாழ்த்தி "பாவம்" என்றார்கள். வழக்குகள் நின்றன, மரவள்ளிக் கிழங்கு வர ஆரம்பித்தது. ராக்காயி அவித்துக் கொண்டுவந்து, சாவு வீட்டில் வைக்கிற மாதிரி சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போனாள். ஐவி தோட்டத்து ஆபீசுக்குப் போய்ப் பேர் பதிந்து, மறுநாள் கொழுந்துக் கூடையை முதுகில் போட்டுக்கொண்டாள்.

இந்த இடத்தில் பூரணியைச் சொல்லிவிட வேண்டும். ஐவிக்குப் பக்கத்துக் காம்பரா, கொழுந்து எடுக்கிற மலையில் பக்கத்துத் தேயிலை நிரை. பதினாறு வயசு. ஏழாம் வகுப்போடு அவள் பள்ளிக்கூடத்தை விட்டாளா, பள்ளிக்கூடம் அவளை விட்டதா என்பதில் இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. அழகி. அடக்கமானவள். இதில் சந்தேகப்படுகிறவர்கள் கணக்கப்பிள்ளையின் சைக்கிள் மணிக்குள் தவளை எப்படிப் போனது என்று இன்னும் கேட்டுக்கொண்டிருப்பவர்கள். லயத்துச் சுவரில் கரித்துண்டால் எழுதப்பட்டிருக்கும் கதைகளையும் பாட்டுகளையும் அவள்தான் எழுதினாள் என்பதற்கும் யாரிடமும் சாட்சி கிடையாது.

முடிவு வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. ஐவி வந்து பூரணி பக்கத்தில் படுத்தாள். கூரை மோட்டைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் என்னவோ பேசினாள், பேசிக்கொண்டே அழுதாள். என்ன பேசினாள் என்பது பூரணிக்குத் தெரியாது. பூரணி அப்போது கம்பளிக்குள் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் விட்ட குறட்டையே அதற்குச் சாட்சி.

சரி, காமன் எரிந்த மறுநாளுக்கு வருவோம்.

அன்று விடியும்போது எழுதலாம் என்றுதான் ஐவி நினைத்திருந்தாள். பாவாடை சட்டையை மடித்து எடுத்துக்கூட வைத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து வெளியே அவள் அப்பாவின் குரல் கேட்டது. கஸ்பர் கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு இரக்கமில்லாமல் வெட்டிச் சாய்ப்பார், மகள் விசயத்தில் மட்டும் பஞ்சு. தப்படிக்கிற ஆளிடம் அவர் ரகசியம் பேசுகிறதாக நினைத்துக்கொண்டு லயமே கேட்கச் சொன்னார்: "கூத்து முடிஞ்சதுன்னு தப்பக் கொண்டுபோயி வச்சிறாத. தோலுக்குச் சூடு காட்டி வையி. மத்தியானம் வேல இருக்கு."

ஐவி பாவாடையைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தாள். கூடையை எடுத்தாள்.

"எங்கக்கா, பஸ்ஸுக்குப் போகல?" என்றாள் பூரணி.

"போகல."

"மாஸ்டரு?"

"மாஸ்டரு கோவிக்க மாட்டாரு."

பூரணி அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. பூரணி ஒன்றும் கேட்காமல் இருந்தால் தோட்டத்தில் எங்கேயோ சைக்கிள் மணிக்குள் தவளை ஏறுகிறது என்று அர்த்தம். ஐவிக்கு அன்று அதை யோசிக்கிற நிலைமை இல்லை.

மலையில் எல்லாருக்கும் தூக்கக் கலக்கம். விடிய விடிய காமன் கூத்து. அதிலேயே சூடான இடம் லாவணி. சிவன் கண்ணைத் திறந்ததில் காமன் எரிந்தான் என்று ஒரு கட்சி பாடும், எரியவே இல்லை என்று எதிர்க்கட்சி பாடும். எரிஞ்ச கட்சி, எரியாத கட்சி. பதில் இல்லாத கட்சி தப்பைக் கீழே வைக்க வேண்டும். ஆம்பளைகள் ராத்திரி பூராப் பாடித் தொண்டை கட்டிக் கிடந்தார்கள். பொம்பளைகள் ராத்திரி பூராக் கேட்டு நாக்கு நமைச்சலோடு மலையில் நின்றார்கள்.

பனி கொஞ்சம் விலகினதும் பூரணி செடி மட்டம் பார்க்கிற மட்டக்கம்பால் கூடையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"எரிஞ்சதும் எரியாததும் நேத்தோட போச்சு,
எழுதுறதா எழுதாததா இன்னைக்கித்தான் பேச்சு!"

மலையில் கைகள் எல்லாம் ஒரு நொடி நின்றன. ஐவி தலையைத் தூக்கினாள்.

"அடியே!"

"ஒங்கள யாரு கூப்பிட்டா? நீங்க கொழுந்தப் பாருங்க. நாங்க பொதுவா ஒருத்தரப் பத்திப் பாடுறோம்" என்றாள் பூரணி. "இந்தா, வாய்க்காலுக்கு மேல இருக்கிறவங்க எழுதுற கட்சி. கீழ இருக்கிறவங்க எழுதாத கட்சி. நான் எழுதாத கட்சிக்குத் தலைவி. பதில் இல்லாத கட்சி கூடையக் கீழ வைக்கணும். மேல யாரு இருக்கா?"

கேட்கவே வேண்டாம். ராக்காயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ரெடியாக இருந்தாள்.

"எரிஞ்ச காமன் மூணாம் நாளு எழுந்து வருவானாம்,
எங்க ஐவி மறுபடிதான் எழுத மாட்டாளாம்!"

மேல்பக்கம் "ஓ!" என்று கூவியது.

"ஏய், ஏய்! வாயி ஓடுது, கை ஓடலயே!" என்று குடையை ஊன்றிக்கொண்டு அலோசியஸ் கணக்கப்பிள்ளை ஏறி வந்தார். அவர் கோயில் தவறாத கத்தோலிக்கர். பாட்டில் வந்த மூணாம் நாள் காதில் பட்டதில் நின்றுவிட்டார். "மூணாம் நாளு விசயத்துல எங்க சாமியும் அப்பிடித்தான்" என்றார். பிறகு தான் ஒரு கணக்கப்பிள்ளை என்பது ஞாபகம் வந்து, "கையப் பாருங்க, கைய" என்று யாரையும் பார்க்காமல் அதட்டினார். ஆனால் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

ராக்காயி வசனத்துக்கு மாறினாள். "கந்தப்பளைப் பக்கம் என் தங்கச்சி வாக்கப்பட்ட தோட்டத்துல ஒரு டொக்டர் இருக்காராம். அவ என்னா பெரும பேசுறா தெரியுமா! நமக்குன்னு ஒரு லோயராச்சும் வேணாமா? அதுக்காகவே ஐவி எழுதணும்!"

ஐவியின் காது சிவந்தது. தன் பக்கம் பேசுகிறவர்கள் இப்படிப் பேசினால் எதிரி எதற்கு?

"லோயரு வேணும்னா தங்கச்சி தோட்டத்து டொக்டரயே கேளுங்க, ஊசி போட்டு ஒருத்தர உண்டாக்கித் தருவாரு" என்றாள் பூரணி. கீழ்ப்பக்கம் சிரித்து முடியட்டும் என்று காத்திருந்து, விரலை மடக்கினாள். "ஐவி அக்கா ஏன் எழுதக் கூடாது? ஒண்ணு, போன தடவ அடிச்ச அடியில தப்புத் தோலு தொளதொளன்னு போயிருச்சி. பாவம், அதுவும் ஒரு ஆட்டுத் தோலுதானே. ரெண்டு, அவ போயிட்டா பக்கத்து நிரையில எனக்கு யாரு கொழுந்து விட்டுக் குடுக்கிறது?"

"இதெல்லாம் ஒரு நியாயமாடி!" என்று ராக்காயி கத்தினாள்.

"மூணாவதக் கேளுங்க. மூணாவதுல நீங்க கூடைய வைப்பீங்க." பூரணி ஒரு பாறையில் ஏறி நின்றாள். "பரீட்சையில ஒரு கேள்வி. ஒருத்தன் கடை வாசல்ல இருந்த குடைய தன்னோடதுன்னு நெனச்சி எடுத்துக்கிட்டுப் போறான். பாதி வழியில பாத்தா அவன் குடை இல்ல. ஆனா மழை விடல. வீடு வரைக்கும் பிடிச்சிக்கிட்டே போயிட்டான். இவன் திருடனா, இல்லையா? ஐவி அக்கா என்னா எழுதினா தெரியுமா? திருடன், பிடிச்சி உள்ள போடுன்னு ஒத்த வரியில எழுதிட்டு வந்துட்டா! குடை பிடிச்சவனயெல்லாம் உள்ள போட்டா இந்த மஸ்கெலியாவுல வெளிய யாரு இருப்பா? இவளுக்கு எதுக்குங்க லோயரு வேல?"

"பொய்!"

மலையே திரும்பிப் பார்த்தது. ஐவி மட்டக்கம்பைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"நான் அப்பிடி எழுதல! எடுக்கும்போது அவன் மனசுல திருட்டு இல்ல. மனசுல இல்லாத திருட்ட கை மட்டும் செய்ய ஏலாது!"

"அப்ப விட்டுறலாம்ங்கிற?" என்றாள் ராக்காயி ஆவலாக.

"இருங்க சின்னம்மா. பாதி வழியில தெரிஞ்சிருச்சில்ல? தெரிஞ்ச அந்த எடத்துல இருந்து அவன் வேற ஆளு. அதுக்கு அப்புறம் அவன் மனசுல என்னா இருந்திச்சின்னுதான் கேக்கணும். திருப்பிக் குடுப்போம்னு நெனச்சானா, வச்சிக்குவோம்னு நெனச்சானா?"

"குடுத்துருவான் பாவம், மழை விட்டதும்" என்று மேல் நிரையிலிருந்து ஒரு குரல்.

"குடுக்க மாட்டான். எங்க வீட்டுக்காரரு மாதிரி ஆளு" என்று கீழ் நிரையிலிருந்து ஒரு குரல்.

"அத எப்பிடிக் கண்டுபிடிக்கிற?" இதைக் கேட்டது அலோசியஸ். குடையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"அவன் மனசுக்குள்ள போயிப் பாக்க ஏலாதுங்க ஐயா. செஞ்சதத்தான் பாக்கணும். வீட்டுக்குப் போனவன் குடைய வாசல்ல விரிச்சுக் காயப்போட்டானா, கட்டிலுக்குக் கீழ ஒளிச்சானா? மறுநா கடப்பக்கம் போனானா, சுத்திப் போனானா?" ஐவி கம்பை வீசி வீசிப் பேசினாள். கன்னத்தில் ரத்தம் ஏறியிருந்தது. கொழுந்து எடுக்கிற ஒரு கைகூட மலையில் அசையவில்லை. "அதத்தான் நாலு பக்கம் எழுதினேன்! கடைக்காரன் என்னா நெனச்சான், குடைக்காரன் எப்பிடி நனைஞ்சான்னு எல்லாம் எழுதினேன். மணி அடிச்சிட்டான். கடைசி ரெண்டு கேள்வியத் தொடக்கூட இல்ல. தெரியாம இல்ல, தெரியும்! குடைக்கு ஒரு பக்கம் போதும். இந்தத் தடவ ஒரே பக்கத்தோட நிறுத்திட்டு அடுத்ததுக்குப் போயிருவேன்!"

தூரத்தில் ஒரு லொறி வளைவில் ஊதியது.

"எந்தத் தடவ?" என்றாள் பூரணி மெதுவாக.

ஐவி தூக்கின மட்டக்கம்பை இறக்கினாள்.

"கனம் கோர்ட்டார் அவர்களே, இந்தத் தடவன்னு சொல்லிட்டா!" பூரணி பாறையிலிருந்து குதித்தாள். முதுகிலிருந்த கூடையைக் கழற்றி எல்லாரும் பார்க்கத் தரையில் வைத்தாள். "எழுதாத கட்சி கூடைய வச்சிருச்சி!"

மேல்பக்கம் கூவிய கூவலில் கீழே ஃபெக்டரியில் இருந்தவர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். ஐவி மட்டும் சிரிக்கவில்லை.

"சும்மா இருங்க! ஒங்களுக்கு என்னா? மறுபடி தப்படிச்சிக் கூட்டிட்டுப் போவீங்க. மறுபடி என் பேரு இல்லாமப் போனா? திட்டினாக்கூட நான் தாங்குவேன். கெழங்கு அவிச்சிக்கிட்டு வருவீங்களே, அதத்தான் தாங்க ஏலாது."

ராக்காயி இடுப்பில் கை வைத்தாள். "ஏன், கெழங்கு நல்லா இல்லையா?"

"சின்னம்மா, நான் செத்தா போனேன்? ஒரு பரீட்சை பெயிலு. மறுபடி எழுதலாம். அதுலயும் பெயிலானா அதுக்கும் மறுபடி எழுதலாம்."

"மறுபடி எழுதலாமா?" ராக்காயி திகைத்துப்போய் மற்றவர்களைப் பார்த்தாள். மற்றவர்களும் அப்படித்தான் நின்றார்கள். "அடிப்பாவி, இத மொதல்லயே சொல்றதுக்கு என்னா? பேரு வெட்டிட்டாங்கன்னு இல்ல நாங்க நெனச்சோம்!"

இப்போது திகைத்தது ஐவி. தோட்டத்தில் பேர் பதிவதற்கு எதிர்ப்பதம் பேர் வெட்டுவது. பேர் வெட்டினால் வேலை இல்லை, காம்பரா இல்லை, வேறு எந்தத் தோட்டத்திலும் வாசல் திறக்காது. கொழும்பில் ஐவியின் பேர் இல்லை என்றதும், பதிந்த பேரை வெட்டிவிட்டார்கள், இனி அந்தப் பிள்ளையின் வாழ்க்கையே முடிந்தது என்று தோட்டம் ஒரு வருசமாகத் துக்கம் கொண்டாடியிருக்கிறது!

"வெட்டலையா?" என்று அலோசியஸ்கூடக் கேட்டார்.

"பதியவே இல்லைங்க ஐயா, எங்க வெட்டுறது!" என்று சொல்லும்போதே ஐவிக்குச் சிரிப்பு வெடித்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வருசமாகத் தொண்டையில் நின்ற கிழங்கு அப்போதுதான் இறங்கியது.

"இந்தா பாரு" என்றாள் ராக்காயி, சிரிப்பு ஓயட்டும் என்று காத்திருந்து. "இனிமே தப்பு இல்ல, மால இல்ல. மூச்சு விட மாட்டோம். பெயிலானா கெழங்கும் கெடையாது, திட்டுதான். போதுமா?"

"சத்தியமா?"

"மாரியாத்தா மேல சத்தியமா, நாறத் திட்டுவேன்."

"ஐயோ, பஸ்ஸு!" என்றாள் பூரணி.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஓட்டம். ஐவியின் கூடையில் பாதிகூட இல்லை. இப்போதே கொழுந்தை நிறுத்துவிட்டுப் போனால் அரைப்பேருக்கும் காணாது. ராக்காயி தன் கூடையிலிருந்து ரெண்டு கை அள்ளி ஐவியின் கூடைக்குள் போட்டாள். மேல் நிரை, கீழ் நிரை, எழுதுற கட்சி, எழுதாத கட்சி எல்லாம் ஓடி வந்து அள்ளிப் போட்டன. எழுதாத கட்சித் தலைவி கூடையோடு கவிழ்த்தாள். அலோசியஸ் கணக்கப்பிள்ளை அதுவரை பார்த்தே இராதவர் போலச் சிவனொளிபாத மலையை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மடுவத்தில் தராசு முள் நிற்பதற்கு முன்னாலேயே, "முழுப்பேரு" என்றார். "எந்த மழைன்னு யாரும் கேக்கப்பிடாது."

ஐவி காம்பராவுக்குள் பாய்ந்தாள். உடுத்தி வெளியே வந்தால் லயத்து வாசலில் கஸ்பர் நின்றார், பக்கத்தில் தப்புக்காரர், கையில் சூடு ஏறின தப்பு. குச்சி மேலே போனது. பின்னால் ஓடி வந்த ராக்காயி ரெண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்காட்டி, கண்ணை உருட்டினாள். குச்சி அந்தரத்தில் நின்றது. கஸ்பருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மகள் கையில் பையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு தப்பை வாங்கித் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "நான் சும்மாதான் நிக்கிறேன், நீ போயிட்டு வா" என்றார்.

கிளிமூக்குத் தோட்டம் முதல்முதலாகச் சத்தம் போடாமல் ஒருத்தரை வழியனுப்பியது. ரொம்பக் கஷ்டமான காரியம். லயத்து வாசலெல்லாம் ஆட்கள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, நெஞ்சு வெடிக்கிற மாதிரி நின்றார்கள். ராக்காயிக்கு விக்கல் எடுத்தது.

மாசியில் பெய்யக் கூடாத மழை, சந்திக்கு இறங்கும்போது பெய்தது. பூரணி ஒரு பெரிய கறுப்புக் குடையோடு ஓடி வந்து ஐவியின் தலைக்கு மேல் பிடித்தாள்.

ஐவி குடையின் பிடியைப் பார்த்தாள். வழவழப்பான மரப்பிடி.

"இது யாரு குடை?"

"எடுக்கும்போது எங்களோடதுன்னுதான் நெனச்சேன்."

"ஒங்க வீட்டுல குடையே கெடையாது. இது கணக்கப்பிள்ளை ஐயாவோடது."

"பாதி வழியிலதான் தெரிஞ்சிச்சி. ஆனா மழை விடலயே!"

ஐவி சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். வளைவில் பஸ்ஸின் உறுமல் கேட்டது. அவள் குடைக்குள் திரும்பி நின்று, பூரணியை நேருக்கு நேர் பார்த்தாள். அன்று மடுவத்தில் அலோசியஸைத் தன் சப்பாத்தைப் பார்க்க வைத்ததே, அந்தப் பார்வை.

"பூரணி. ஒரு கேள்வி."

"கேளுங்க."

"குடைக் கேள்வி ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"அது... தோட்டத்துல எல்லாருக்கும் தெரியும்."

"தெரியாது. அப்பாவுக்குச் சொல்லல, அம்மாவுக்குச் சொல்லல, மாஸ்டருக்கும் சொல்லல. ஒரே ஒரு தடவ, ஒரு ஞாயித்துக்கெழம, ஒங்க மோட்டப் பாத்துச் சொன்னேன். நாலு பக்கம் எழுதினதயும் சொன்னேன். தெரிஞ்சிக்கிட்டே மலையில ஒத்த வரின்னு பொய் சாட்சி சொன்ன. நான் பொறுக்க மாட்டேன்னு தெரிஞ்சேதான் சொன்ன. எழுதாத கட்சித் தலைவியாம்!"

பூரணி சாலையைப் பார்த்தாள், தண்ணீருக்குள் முங்கின டவுன் இருக்கிற பக்கம் பார்த்தாள். எங்கேயும் உதவி இல்லை. குடையைப் பிடித்தபடியே கண்ணை மூடி, நின்ற இடத்திலேயே பெரிதாகக் குறட்டை விட்டாள்.

"கண் இமை ஆடுது" என்றாள் ஐவி. "அன்னைக்கும் ஆடிச்சி."

பஸ் வந்து நின்றது. ஐவி அவள் காதைப் பிடித்து ஒரு திருகு திருகிவிட்டு, அதே கையால் அவள் தலையில் இருந்த தேயிலை இலையைத் தட்டிவிட்டு ஏறினாள். கொண்டக்டர் மணியடித்தார். வளைவில் திரும்புகிற பஸ்ஸின் ஜன்னலிலிருந்து அவள் தலை வெளியே வந்தது.

"ஏடி! இதையும் கரித்துண்டால எங்கயாச்சும் எழுதி வைப்ப, எனக்குத் தெரியும்! எழுதினா, பூரணி தூங்கினான்னு மட்டும் எழுதாத!"